தடத்தில் முந்திய கார், ஐந்து பேரோடு சாலையில் எப்படி? செடான் ஒப்பீட்டு எண்களை வாசிக்கும் முறை

நடுத்தர செடான் (டிக்கி பின்னால் தனியாக நீண்டிருக்கும் கார்) வாங்க நினைக்கும் குடும்பங்கள் இன்று ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே பல ஒப்பீட்டுச் சோதனைகளைப் பார்த்துவிடுகின்றன. ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் போன்ற கார்களைப் போக்குவரத்து இல்லாத தடத்தில் அடுத்தடுத்து ஓட்டி, நொடிகளையும் மீட்டர்களையும் அட்டவணையாகத் தருகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு சோதனையில் முதலாவதாக நின்ற கார் இன்னொன்றில் மூன்றாவதாக நிற்கிறது. ஒரே காருக்கு இரண்டு சோதனைகள் சொல்லும் வேகக் கணக்கில் முக்கால் நொடி வித்தியாசம் வருகிறது. யாரோ பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. பெரும்பாலும் எண்கள் சரியானவையே. அளந்த நிலைமைகள்தாம் வேறு.

மதுரையிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் ஓடப்போகும் காருக்கு அந்த எண்களில் எவை பொருந்தும், எவை பொருந்தாது என்பதை அடிப்படையிலிருந்து இங்கே பார்ப்போம். தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சோதனைத் தடத்தில் ஓடும் காரில் வழக்கமாக ஓட்டுநர் ஒருவர்தான் இருப்பார், கூடிப்போனால் அளவுக் கருவியோடு இன்னொருவர். குடும்பக் காரோ நிறைந்துதான் ஓடுகிறது. இந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால், அட்டவணையில் பாதி எண்களின் பொருள் மாறிவிடும்.

நடுத்தர செடான் எது?

இந்தச் சொல்லுக்கு நாட்டுக்கு நாடு பொருள் வேறு. அமெரிக்காவில் காரின் நீளத்தை வைத்துப் பிரிப்பதில்லை. பயணிகள் அமரும் இடமும் டிக்கியும் சேர்ந்த உட்புறக் கன அளவு 110 முதல் 119 கன அடி வரை இருந்தால் அது நடுத்தர கார். டொயோட்டா கேம்ரி அந்த வகையைச் சேர்ந்தது. அதன் நீளம் 4.9 மீட்டரைத் தாண்டும். நம் ஊரில் நடுத்தர செடான் என்று சொல்லப்படும் சிட்டி, வெர்னா, ஸ்லாவியா, விர்ட்டஸ் நான்கும் 4.5 மீட்டரை ஒட்டியவை. ஆகவே அமெரிக்க ஒப்பீடு ஒன்றில் 'குடும்ப செடான்' என்று வருவது நாம் வாங்கப்போகும் காரைவிட ஒரு படி பெரியது, எடை கூடியது.

கீழ் எல்லையை நம் நாட்டில் வரிதான் வகுத்திருக்கிறது. நான்கு மீட்டருக்குள் அடங்கும், 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். நடுத்தர செடான்களுக்கு 40 சதவீதம். 3,995 மி.மீ. நீளத்தில் டிசையர் போன்ற கார்கள் நிற்பதற்கும் காரணம் நான்கு மீட்டர் எல்லைதான். அந்தக் கூடுதல் அரை மீட்டரின் பெரும்பகுதி பின் இருக்கையின் கால் இடத்துக்கும் டிக்கிக்கும் போகிறது. கூடுதல் விலை கொடுத்து வாங்குவது அதைத்தான் என்பதால், பின் இருக்கை நிரம்பிய நிலையில் கார் எப்படி நடந்துகொள்கிறது என்பதே இந்த வகைக்குரிய முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

தனித் தடம் எதற்கு?

முதல் காரணம் சட்டம். மாநில அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பொது இடத்தில் வாகனங்களுக்கு இடையே பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம். இரண்டாவது காரணம், ஒரே நிலைமை மீண்டும் மீண்டும் கிடைக்க வேண்டும் என்பது. ஒரே தளம், ஒரே வளைவு, வழியைக் குறிக்க வைக்கும் கூம்புகளுக்கு இடையே ஒரே இடைவெளி, குறுக்கே யாரும் வராத பாதை ஆகியவை இருந்தால்தான் நான்கு கார்களுக்கும் ஒரே தேர்வு வைத்ததாகும்.

தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கி.மீ. நீளப் பந்தயத் தடமும், கோவை செட்டிபாளையத்தில் 2.1 கி.மீ. நீளமுள்ள 'கரி மோட்டார் ஸ்பீட்வே' பந்தயத் தடமும் உள்ளன. மத்தியப் பிரதேசத்தின் பீத்தம்பூரில் 2021இல் திறக்கப்பட்ட நேட்ராக்ஸ் அதிவேகத் தடத்தின் நீளம் 11.3 கி.மீ. இவற்றின் தளம் பராமரிக்கப்பட்ட தார். மணல் இல்லை, ஒட்டுப்போட்ட பள்ளம் இல்லை, வேகத்தடை இல்லை. டயருக்கும் தரைக்கும் இடையிலான பிடிப்பு அங்கே கிட்டத்தட்ட உச்சத்தில் இருக்கும். எனவே தடத்தில் கிடைக்கும் எண்ணை அந்தக் காரின் மிகச் சிறந்த நிலையாக எடுத்துக்கொள்வதே சரி.

வேக எண்ணில் ஒளிந்திருக்கும் மூன்று கணக்குகள்

நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்டும் நேரம்தான் தலைப்புகளில் வருகிறது. அதை ஒப்பிடும் முன் மூன்றைக் கவனிக்க வேண்டும்.

1. அமெரிக்கச் சோதனைகள் 60 மைல் வேகம் வரை அளக்கின்றன. அது 96.6 கி.மீ.தான். பத்து நொடியில் நூறைத் தொடும் காருக்கு மீதமுள்ள 3.4 கி.மீ.யைக் கடக்க ஏறத்தாழ அரை நொடி ஆகும்.

2. அங்குள்ள இதழ்கள் பலவும் கார் முதல் ஓர் அடி நகர்ந்த பிறகே கடிகாரத்தைத் தொடங்குகின்றன. இழுவைப் பந்தயத் தடங்களின் பழைய வழக்கம் இது. இதனால் கால் நொடி அளவு குறைகிறது. இரண்டையும் கூட்டினால் முக்கால் நொடி. காரில் எந்த மாற்றமும் இல்லாமலே வந்த வித்தியாசம் இது.

3. ஜிபிஎஸ் கருவி பொருத்தி அளந்தால் கிடைப்பது உண்மை வேகம். டாஷ்போர்டு முள்ளைப் படம்பிடித்து அளந்தால் கிடைப்பது முள் காட்டும் வேகம். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, ஓரளவு கூட்டிக் காட்டலாம் என்பதே விதி. எனவே முள் நூறைத் தொடும்போது கார் 95இல்கூட ஓடிக்கொண்டிருக்கலாம்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகும் இந்த எண் குடும்பக் காருக்கு அவ்வளவு முக்கியமானது என்று நான் கருதவில்லை. உசிலம்பட்டி வழியாகத் தேனிக்குப் போகும் சாலையில் பேருந்து ஒன்றை முந்தும்போது கார் நின்ற இடத்திலிருந்து புறப்படுவதில்லை. 50 அல்லது 60இலிருந்து 90க்கு ஏறுகிறது. அட்டவணையில் 20–80, 40–100 என்று தனியாகத் தரப்படும் இடை வேக எண்களே அந்தச் சாலைக்கு உதவுபவை.

அந்த எண்ணையும் எடையோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். காரின் எடை 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் மட்டும் இருந்தால் 1,270 கிலோ. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் 1,575 கிலோ, அதாவது கால் பங்கு கூடுதல். தடத்தில் 6 நொடியில் முடிந்த வேக ஏற்றம் ஏறத்தாழ 7.4 நொடியாகும். எதிரில் ஒரு லாரி 80 கி.மீ. வேகத்தில் வந்தால், கூடிய அந்த 1.4 நொடியில் லாரிக்கும் காருக்கும் உள்ள இடைவெளி 65 மீட்டர் அளவு சுருங்கிவிடும். ஐந்து பேருந்துகளை வரிசையாக நிறுத்தினாலும் அந்த 65 மீட்டர் நிரம்பாது. காரைத் தனியாக ஓட்டிப் பழகியவர், குடும்பத்தோடு போகும் நாளில் 'முந்திவிடலாம்' என்று போடும் கணக்கு தவறிப்போவது இங்கேதான்.

எஞ்சின் வகையும் இங்கே பேசுகிறது. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத சிட்டியின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 121 குதிரைத்திறன் தருகிறது. ஆனால் அதன் உச்ச முறுக்குவிசை (சக்கரத்தைத் திருப்பும் பலம்) ஆன 145 நியூட்டன் மீட்டர், எஞ்சின் நிமிடத்துக்கு 4,300 சுழற்சியை எட்டும்போதுதான் கிடைக்கிறது. ஸ்லாவியாவின் 1.0 லிட்டர் டர்போ எஞ்சின் 115 குதிரைத்திறன்தான். ஆனால் 178 நியூட்டன் மீட்டரை 1,750 சுழற்சியிலேயே தந்துவிடுகிறது. தனி ஓட்டுநரோடு தடத்தில் எஞ்சினை உச்சம் வரை முறுக்கி ஓட்டும்போது இரண்டும் நெருங்கி நிற்கும். நிறைந்த காரோடு மேடு ஏறும்போது முன்னதற்கு ஒரு கியர் கீழே இறக்க வேண்டியிருக்கும்.

பிரேக் தூரம்: அட்டவணையின் மிக முக்கியமான வரி

ஒப்பீட்டில் ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், பிரேக் தூரத்தைப் பாருங்கள் என்றே சொல்வேன். பெரும்பாலான வாசகர்கள் கடந்துபோகும் எண்ணும் அதுதான். காரணம், கார்களுக்கு இடையிலான வித்தியாசம் இரண்டு மூன்று மீட்டர்தான் என்று தோன்றுவது.

அந்த மூன்று மீட்டரை அருகில் போய்ப் பார்ப்போம். 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு கார் 40 மீட்டரில் நிற்கிறது, இன்னொன்று 43 மீட்டரில் நிற்கிறது. இரண்டும் ஒரே கோட்டில் பிரேக் பிடித்தன. 40ஆவது மீட்டரில் ஒரு மாடு நிற்கிறது. முதல் கார் மாட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. இரண்டாவது கார் அந்த இடத்தில் எவ்வளவு வேகத்தில் இருக்கும்? மூன்று மீட்டர் மீதமிருக்கும்போது அது இன்னும் மணிக்கு 26 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பிரேக் பிடிக்கும் காரின் வேகம் தூரத்துக்கு ஏற்பச் சீராகக் குறைவதில்லை. தொடக்கத்தில் மெதுவாகவும் கடைசி மீட்டர்களில் சடாரென்றும் விழுகிறது. அதனால்தான் கடைசி மூன்று மீட்டருக்குள் அவ்வளவு வேகம் அடைந்து கிடக்கிறது.

வேகத்தின் இருமடிக்கு ஏற்பவே பிரேக் தூரம் வளர்கிறது. நல்ல தார்த் தளத்தில் 60இலிருந்து 15 மீட்டர், 80இலிருந்து 27 மீட்டர், 100இலிருந்து 43 மீட்டர், 120இலிருந்து 62 மீட்டர். இவற்றில் ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை பிரேக்குக்குக் கொண்டுபோகும் நேரம் சேரவில்லை; 100 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் போய்விடுகிறது.

தடத்தில் நடக்கும் பிரேக் சோதனையைப் பார்த்தால் ஒரு செய்தி தெரியும். கூம்பு வாயிலைத் தொட்டதும் ஓட்டுநர் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கிறார். காரின் மூக்கு தரையை நோக்கிக் குனிகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு வேலை செய்யும் அடையாளமாக பிரேக் மிதி காலுக்கடியில் கடகடவென்று துடிக்கிறது. கார் நிற்கும் வரை அவர் காலைத் தளர்த்துவதில்லை. நம் ஓட்டுநர்கள் பலருக்கு அந்தத் துடிப்பே அறிமுகமில்லை. அவசரத்தில் முதல்முறையாக அதை உணரும்போது ஏதோ உடைந்துவிட்டது என்று அஞ்சிக் காலைத் தளர்த்திவிடுகிறார்கள். பிரேக் தூரம் அங்கேயே கூடிவிடுகிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திலும் ஏபிஎஸ் கட்டாயம். அது எப்படித் துடிக்கும் என்பதைப் பாதுகாப்பான திடலில் ஒருமுறை காலால் அறிந்துகொள்வது, எந்த ஒப்பீட்டு அட்டவணையைவிடவும் உயிருக்குப் பயன் தரும்.

தளம் மாறினால் எண்ணும் மாறும். கோடைக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் குழம்பாகிவிடும். பிடிப்பு பாதியை நெருங்கிக் குறையும்போது, 80இலிருந்து 27 மீட்டரில் நின்ற கார் 50 மீட்டர் வரை போகும். மணல் லாரி சிந்திவிட்டுப் போன மணலிலும் சரளைக்கல்லிலும் ஏபிஎஸ் இருந்தாலும் தூரம் கூடும். அந்த நிலையில் கார்களுக்கு இடையிலான மூன்று மீட்டர் வித்தியாசத்தைவிட டயரின் தேய்மானம் பெரிய பங்கு வகிக்கிறது. சோதனைக் கார்கள் புதிய டயரில் ஓடுகின்றன. வீட்டுக் கார் நான்காவது ஆண்டிலும் ஓட வேண்டும்.

கூம்புகளுக்கு இடையே திருப்புவது

தடம் மாற்றச் சோதனை (இங்கே தடம் என்பது சாலையின் ஒரு வாகன வரிசை) என்பது, முன்னால் திடீரென்று தடை தோன்றியதாகக் கொண்டு பிரேக் பிடிக்காமல் பக்கத்துத் தடத்துக்கு ஒடித்து, உடனே பழைய தடத்துக்குத் திரும்புவது. 1997இல் ஸ்வீடன் இதழ் ஒன்று நடத்திய இத்தகைய சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. அதன் பிறகு அந்த நிறுவனம் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பை அந்தக் காரில் அடிப்படைக் கருவியாகவே பொருத்தியது. இஎஸ்சி என்று இன்று விலைப் பட்டியலில் வருவது அந்த அமைப்புதான்.

நான்கு வழிச் சாலையில் திருமங்கலம் தாண்டித் தெற்கே போகிறவர்களுக்கு இந்தச் சோதனையின் பொருளை விளக்க வேண்டியதில்லை. நடுத்திட்டின் இடைவெளியிலிருந்து புல்லுக்கட்டோடு ஒரு மொபெட் குறுக்கே வரும். ஒடித்துத் திருப்பும் முதல் அசைவைவிட, திரும்பக் கொண்டுவரும் இரண்டாவது அசைவிலேயே கார்கள் பிடிப்பை இழக்கின்றன. பின்பக்கம் வெளியே வீசப்படுகிறது. டிக்கியில் எடை இருந்தால் அந்த வீச்சு கூடும். தனி ஓட்டுநரோடு சோதித்த காரில் இது தெரியாது. இதற்காகவே ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் பலவகைக் கார்களுக்கு இரண்டு காற்றழுத்த அளவுகள் தரப்பட்டிருக்கும்: குறைந்த சுமைக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. முழுச் சுமைக்கான அளவு பின் டயர்களுக்குப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். பங்க்கில் நான்குக்கும் ஒரே அளவு காற்று பிடிப்பது நம் பழக்கம். அதை மாற்றிக்கொள்ள எந்தச் செலவும் இல்லை.

தடம் காட்டாத நான்கு

*வெப்பம்.* 25 டிகிரியில் இருக்கும் காற்றோடு ஒப்பிட்டால் 40 டிகிரிக் காற்றின் அடர்த்தி 5 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் திறனும் ஏறத்தாழ அதே அளவு குறையும். ஏசி கம்ப்ரசர் தன் பங்குக்குச் சில குதிரைத்திறனை எடுத்துக்கொள்ளும். தடத்தில் வேகம் அளக்கும்போது ஏசியை அணைத்துவிடுவது பொதுவான வழக்கம். மதுரையில் சித்திரை மாதத்து மதியத்தில் அதை அணைத்து ஓட்ட முடியாது.

*நெரிசல்.* வெர்னாவின் டர்போ வகையிலும் ஸ்லாவியாவின் 1.5 லிட்டர் வகையிலும் வரும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், தடத்தில் நொடிகளை மிச்சப்படுத்தும் கருவி. கோரிப்பாளையத்தில் அடி அடியாக ஊரும்போது அதே கியர்பாக்ஸின் கிளட்ச் பாதி பிடித்த நிலையில் உரசிச் சூடேறுகிறது. பிரேக்கை லேசாகத் தளர்த்தி ஊர்ந்துகொண்டே இருப்பதைத் தவிர்த்து, முன்னால் இடம் விழுந்த பிறகு ஒரேயடியாக நகர்வது அதற்கு நல்லது. டார்க் கன்வெர்ட்டர், சிவிடி என்ற மற்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வகைகள் ஊர்வதை இன்னும் மென்மையாகச் செய்கின்றன.

*வேகத்தடை.* இந்தியச் சாலைப் பேரவையின் நெறிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட வட்ட வளைவாக இருக்க வேண்டும். வளைவின் ஆரம் 17 மீட்டர். சக்கர இடைவெளி 2,670 மி.மீ. உள்ள வெர்னாவின் இரண்டு அச்சுகளும் அதன் மேல் ஒரே நேரத்தில் நிற்கும் என்பதால், நடுவயிற்றுக்கும் மேட்டுக்கும் இடையே தேவைப்படும் உயரம் வெறும் 52 மி.மீ. வெர்னாவின் தரை இடைவெளி 165 மி.மீ. என்பதால் ஐந்து பேரோடும் உரசாமல் போகலாம். ஆனால் கிராமத்து வளைவுகளில் ஊரார் தாங்களே சிமெண்டில் போட்ட, ஓரடி அகலமும் அரையடி உயரமும் உள்ள வரப்பு போன்ற மேட்டில், முன்சக்கரம் ஏறி இறங்கிய பிறகு நடுவயிறு அந்த அரையடி முழுவதையும் தாண்ட வேண்டும். அரையடி என்பது 150 மி.மீ. ஸ்லாவியாவுக்குச் சொல்லப்படும் 179 மி.மீ.யும் சுமையில்லாத நிலைக்கானதே. பின் இருக்கை நிறைந்ததும் கார் சில சென்டிமீட்டர் அமிழும். உரசுவது இந்த மேட்டில்தான். தவறு காரின் வடிவத்தில் இருப்பதைவிட மேட்டின் வடிவத்தில் இருக்கிறது.

*மலை இறக்கம்.* தடத்தில் இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்து அளந்துவிட்டு முடிப்பார்கள். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது கார் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தை இழக்கிறது. அந்த உயரத்தில் அடங்கிய ஆற்றலைக் கணக்கிட்டால், 100 கி.மீ. வேகத்திலிருந்து 45 முறை முழுமையாக பிரேக் பிடித்து நிறுத்துவதற்குச் சமம். எடை கூடினாலும் குறைந்தாலும் இந்த 45 மாறாது. ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வெளியாகும் சூடு எடைக்கு ஏற்பக் கூடும். காற்றும் டயர் உருளலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சின் பிடிக்க வேண்டும் அல்லது பிரேக் பிடிக்க வேண்டும். மூன்றாவது, இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சின் பிடிக்கும். டிரைவ் நிலையில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் தகடுகள் சூடாகி, கருகிய வாடை காருக்குள் வரும். அதற்கு அடுத்த கட்டம் பிரேக் எண்ணெய் கொதிப்பது. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிப் பழசான பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகும், மிதி தரையைத் தொடும், கார் நிற்காது. பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். ஆட்டோமேட்டிக் கார் பார்க்கிறவர்கள், கியரைக் கையால் கீழே இறக்கிப் பிடித்துவைக்க வழி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

மைலேஜ், டிக்கி

விளம்பரத்தில் வரும் மைலேஜ் எண் சாலையில் அளந்ததல்ல. ஆய்வகத்தில் காரை உருளைகள் மேல் நிறுத்தி, 1,180 நொடி ஓடும் வரையறுத்த ஓட்ட வரிசையில், 90 கி.மீ.க்கு மிகாத வேகத்தில் அளப்பது அது. எல்லாக் கார்களுக்கும் ஒரே தேர்வு என்பதால் ஒப்பிட உதவும். மாதச் செலவைக் கணக்கிட உதவாது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில், லிட்டருக்கு அடங்கிய ஆற்றல் தூய பெட்ரோலைவிட 6 முதல் 7 சதவீதம் குறைவு என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

டிக்கியின் லிட்டர் கணக்கும் அப்படித்தான். 200 × 100 × 50 மி.மீ. அளவுள்ள ஒரு லிட்டர் கட்டைகளை அடுக்கி எண்ணுவது ஒரு வழக்கமான முறை. சிட்டி 506, ஸ்லாவியா 521, வெர்னா 528 லிட்டர். குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போகும் குடும்பத்துக்கு இந்த 22 லிட்டர் வித்தியாசம் பெரிதில்லை. பித்தளைப் பானை சாயாமல் நிற்கத் தட்டையான தளம் உண்டா, அரிசி மூட்டையைத் தூக்கி உள்ளே வைக்க டிக்கியின் விளிம்பு எவ்வளவு உயரம், வாய் எவ்வளவு அகலம் என்பவை பெரியவை. அவற்றை எந்த லிட்டரும் சொல்லாது.

மதுரையில் டெஸ்ட் டிரைவ்: எதை, எந்த வரிசையில்

பிரேக்கின் எல்லையையும் திருப்பலின் எல்லையையும் பொதுச் சாலையில் சோதிக்கவே கூடாது. அவற்றுக்குத் தடத்து எண்களையே நம்புங்கள். தடம் விட்டுவைத்தவற்றை மட்டும் நீங்கள் சோதியுங்கள்.

1. வீட்டில் காரில் போகிற அத்தனை பேரையும் அழைத்துச் செல்லுங்கள். ஷோரூமில் 'இரண்டு பேர் போதும்' என்பார்கள், பணிவாக மறுத்துவிடலாம். ஐந்து பேர் ஏறிய பிறகு பின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியில் விரல்களை வைத்துப் பாருங்கள். ஏறும் முன் நான்கு விரல் நுழைந்த இடத்தில் இப்போது எத்தனை நுழைகிறது என்பதே ஸ்பிரிங் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பதற்கான அளவு.

2. வீட்டின் மூத்தவரை எந்த உதவியும் செய்யாமல் பின் இருக்கையில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். செடானின் கூரை பின்னோக்கிச் சரிவது. புடவை கட்டிய, முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டி தலையைக் குனிந்து, ஒரு கையால் கதவுத் தூணைப் பிடித்து, இருக்கையில் 'தொப்'பென்று விழாமல் அமர முடிகிறதா என்று பாருங்கள். இறங்குவது இன்னும் கடினம். இருக்கை தாழ்வாக இருந்தால் அவர் முன் இருக்கையைப் பிடித்துத்தான் எழுவார்.

3. மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய காரைக் கேட்டு வாங்கி, பின் இருக்கை ஏசி துவாரத்தில் குளிர்காற்று வர எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

4. நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட 7.3 கி.மீ. உயர்மட்டப் பாலத்தில் சீரான 60இல் ஓட்டுங்கள். சிக்னல் இல்லாத நீளம் என்பதால் டயர் இரைச்சலும் எஞ்சின் இரைச்சலும் தனித்தனியாகக் காதில் விழும். பாலத்தின் இணைப்புகளில் வரும் தட்டல் பின் இருக்கைக்கு எவ்வளவு வருகிறது என்பதைப் பின்னால் இருப்பவர் சொல்லட்டும்.

5. உங்கள் தெருவுக்கே கொண்டுபோய் வாசலில் நிறுத்திப் பாருங்கள். நான்கரை மீட்டர் காரைத் திருப்ப எத்தனை முறை முன்பின் எடுக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள்.

6. இரண்டு கார்களுக்கு இடையே தயக்கம் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே வழியில் ஓட்டுங்கள். இரண்டாவதை முடித்ததும் முதல் காரை மீண்டும் பத்து நிமிடம் வாங்கி ஓட்டுங்கள். தொழில்முறைச் சோதனையாளர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். முதலில் ஓட்டிய காருக்கு எப்போதும் கொஞ்சம் அநீதி நடந்திருக்கும், அதில்தான் கை பழகியிருக்கும். முதல் சுற்றில் ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது என்று குறித்து வைத்திருந்து, மறுசுற்றில் அப்படித் தோன்றாவிட்டால், அந்தக் குறிப்பைத் தாளிலிருந்து அடித்துவிடலாம்.